"வருவாக" எப்படி "ஆர் கமிங்" ஆனது: கானாடுகாத்தான் வழிகாட்டி ஒருவரின் ஆங்கில வினைச்சொற்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் (செட்டியார்) வீடு ஒன்றைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. வயது இருபதுகளின் நடுவில். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி, பிறகு வரலாற்றில் பட்டம். காரைக்குடியில் வேலைக்குப் போகிறவர்களுக்காக நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வந்தவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன்.

அவர் வகுப்புக்கு வரக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று வீடு பார்க்க வந்திருக்கிறது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், நின்று தூண்களை எல்லாம் ரசித்துவிட்டு, "இந்த வீட்டுக்காரர்கள் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி சொன்ன பதில்: "ஃபேமிலி இஸ் லிவிங் இன் சென்னை. தே ஆர் கமிங் ஃபார் மேரேஜ் அண்ட் பொங்கல்." கேட்டவுடன் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் நாம் இடைஞ்சலாக நிற்கக் கூடாது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாடியைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள்.

"கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வருவாகன்னுதானே டீச்சர் சொன்னேன்? அதுல என்ன தப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழில் அவர் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலக்கணம் தெரியாத பிள்ளை இல்லை இவர். பள்ளியில் பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லி மார்க் வாங்கியவர். "சிம்பிள் பிரசென்ட், பிரசென்ட் கன்டினியுவஸ், பிரசென்ட் பெர்ஃபெக்ட், பிரசென்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்" என்று இன்றைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். வி ஒன், வி டூ, வி த்ரீ என்று வினையின் மூன்று வடிவங்களின் பட்டியலும் அத்துப்படி. ஆனாலும் வளவில் நின்று பேசும்போது அந்த அட்டவணை உதவிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

பதிவில் கேட்டவை

அவர் சம்மதத்தோடு, முகப்பில் தொடங்கி அடுப்படி வரை ஒரு முழுச் சுற்றைப் போனில் பதிவு செய்தேன். பிறகு அதே விஷயங்களை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னேன். பேச்சில் வரும் பிழை எழுத்திலும் வந்தால் அதன் வேர் எண்ணத்தில் இருக்கிறது. பேச்சில் மட்டும் வந்தால் நாக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பது வீண்.

பதிவில் திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களில் சிலவற்றைத் தருகிறேன். "மை அப்பத்தா லிவ் இன் பள்ளத்தூர்." "டைல்ஸ் ஆர் மேக்கிங் இன் ஆத்தங்குடி." "திஸ் டோர் இஸ் கார்விங் பை ஹேண்ட்." "ஐ ஆம் நோயிங் ஆல் ரூம்ஸ்." "இஃப் யூ ஆர் இன்ட்ரஸ்டிங், ஐ வில் ஷோ அப்ஸ்டேர்ஸ்." "செட்டியார்ஸ் ஹேவ் லெஃப்ட் பர்மா இன் 1942."

வழக்கமாக ஆசிரியர்கள் கை வைப்பது முதல் வாக்கியத்தில்தான். "லிவ் இல்லை, லிவ்ஸ்" என்று சிவப்பு மையில் ஒரு எஸ் போடுவோம். ஆனால் அந்த எஸ் இல்லாததால் எந்தப் பயணியும் எதையும் தப்பாகப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. அப்பத்தா பள்ளத்தூரில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. "ஆர் கமிங்" இரண்டு பேரை வீட்டை விட்டே அனுப்பிவிட்டது. "இஃப் யூ ஆர் இன்ட்ரஸ்டிங்" என்பதைக் கேட்டவர், 'நீங்கள் சுவாரசியமான ஆளாக இருந்தால் மாடியைக் காட்டுகிறேன்' என்று சொல்லப்பட்டவராக நிற்கிறார். ஆகவே பிழைகளை இலக்கணப் புத்தகத்தின் வரிசையில் எடுக்காமல், கேட்கிறவரை எது எவ்வளவு தூரம் வழிதவற வைக்கிறது என்ற வரிசையில் எடுத்தேன்.

வழக்கமும் நிகழ்வும்

"ஆர் கமிங்" பிழை எழுத்திலும் அப்படியே இருந்தது. எனவே இது நாக்கின் கோளாறு இல்லை.

தமிழில் வழக்கமாக நடப்பதைச் சொல்ல நாம் பெரும்பாலும் எதிர்கால வடிவத்தைத்தான் எடுக்கிறோம். "அவுக பொங்கலுக்கு வருவாக", "அப்பத்தா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கும்", "சூரியன் கிழக்கே உதிக்கும்." நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்று மூன்று இடைநிலைகளை நன்னூல் சொல்கிறது. இன்றைய பேச்சில் அந்தக் 'கிறு' இப்போது நடப்பதற்கும் வரும், வழக்கத்துக்கும் வரும், நாளைக்கு நடக்கப்போவதற்கும் வரும். "நாளைக்கு மதுரைக்குப் போறேன்" என்று தயங்காமல் சொல்கிறோமே.

ஆங்கிலம் இந்த எல்லையை வேறு இடத்தில் போடுகிறது. "தே கம் ஃபார் பொங்கல்" என்றால் வருஷா வருஷம் வருவது. "தே ஆர் கமிங் ஃபார் பொங்கல்" என்றால் இந்தப் பொங்கலுக்கு வர ஏற்பாடு ஆகிவிட்டது, அல்லது இப்போதே வழியில் இருக்கிறார்கள். தம்பி சொன்னதில் இரண்டாவது பொருள் மட்டுமே கேட்கும்.

அவர் ஏன் ஐஎன்ஜி (கமிங், மேக்கிங் என்று வினையின் கடைசியில் ஒட்டும் -ing) பக்கமே சாய்கிறார்? தாய்மொழியாக ஆங்கிலம் கற்கும் குழந்தைகளைக் கவனித்து அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973ல் வெளியிட்ட முடிவுகளில், சொல்லுறுப்புகளில் மிக முன்னதாக வருவது ஐஎன்ஜி; படர்க்கை ஒருமையின் எஸ் வெகு பின்னால் வருகிறது. ஐஎன்ஜி தனி அசையாகக் காதில் விழுகிறது, எந்த வினையோடும் மாறாமல் ஒட்டுகிறது. பேசத் திணறுகிறவருக்கு அது கைக்கெட்டிய பிடி. அதோடு "வந்துக்கிட்டு இருக்காக" என்பதற்கு அது அழகாகப் பொருந்துவதால், நிகழ்காலம் என்றாலே ஐஎன்ஜி என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

"ஐ ஆம் நோயிங்" பிழையும் இங்கிருந்துதான் வருகிறது. தெரிவது, வேண்டுவது, சொந்தமாயிருப்பது எல்லாம் நிலைகள், நடந்துகொண்டிருக்கும் செயல்கள் இல்லை. தமிழிலும் "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை, "தெரியும்" என்கிறோம். இதைச் சுட்டிக்காட்டியதும் தம்பி உடனே பிடித்துக்கொண்டார். தமிழில் "கொண்டிருக்கிறது" ஒட்டாத இடத்தில் ஐஎன்ஜி போட முதலில் யோசி என்றேன். எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி இல்லை இது. ஆனால் வழிகாட்டி வேலையில் வரும் வாக்கியங்களுக்கு நன்றாகவே தாங்குகிறது.

காலம் இல்லாத எச்சங்கள்

என் கணிப்பில் இந்த ஆய்வின் நடுப்புள்ளி இதுதான். "டைல்ஸ் ஆர் மேக்கிங்", "டோர் இஸ் கார்விங்", "யூ ஆர் இன்ட்ரஸ்டிங்" மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள்.

தமிழில் "வீடு கட்டிய செட்டியார்" என்கிறோம், "செட்டியார் கட்டிய வீடு" என்றும் சொல்கிறோம். முதலாவதில் செட்டியார் கட்டியவர், இரண்டாவதில் வீடு கட்டப்பட்ட பொருள். ஆனால் பெயரெச்சம் இரண்டிலும் "கட்டிய"தான். செய்தவரா, செய்யப்பட்டதா என்பதை எச்சம் சொல்வதில்லை. சுற்றியுள்ள சொற்களிலிருந்து நாம் புரிந்துகொள்கிறோம். எச்சம் சொல்வது காலத்தை: கட்டிய, கட்டுகிற, கட்டும்.

ஆங்கிலத்தில் எச்சம் போல வரும் வடிவமான பார்ட்டிசிபிளின் வேலை கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர். காலத்தை அது சொல்லவே சொல்லாது. செய்கிறவர் பக்கமா, செய்யப்பட்டதன் பக்கமா என்பதைத்தான் சொல்லும். "கார்விங்" என்றால் செதுக்குகிறவர் பக்கம், "கார்வ்ட்" என்றால் செதுக்கப்பட்ட கதவின் பக்கம். ஆகவே "தி டோர் இஸ் கார்விங்" என்றால் கதவே உளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "இன்ட்ரஸ்டிங்" ஆர்வத்தை உண்டாக்குவது, "இன்ட்ரஸ்டட்" ஆர்வம் உண்டானவர். மாடிக்குப் போகக் கேட்க வேண்டியது இரண்டாவதை.

பள்ளிப் பாடம் இங்கே உதவுவதற்குப் பதில் குழப்புகிறது. ஐஎன்ஜி வடிவத்துக்குப் 'பிரசென்ட் பார்ட்டிசிபிள்' என்றும் மூன்றாம் வடிவத்துக்குப் 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்' என்றும் பெயர் வைத்துவிட்டதால், முதலாவது இன்றைக்கு, இரண்டாவது நேற்றைக்கு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். தம்பியின் கணக்கு அப்படித்தான் இருந்தது. ஓடுகள் இன்றைக்கும் ஆத்தங்குடியில் செய்யப்படுகின்றன, அப்படியானால் நிகழ்காலம், அப்படியானால் மேக்கிங். கணக்கில் பிழை இல்லை, பெயர்தான் ஏமாற்றிவிட்டது. "தே வேர் மேக்கிங் டைல்ஸ்" இறந்தகாலம்; உள்ளே இருப்பது 'பிரசென்ட்' பார்ட்டிசிபிள். "தி டைல்ஸ் ஆர் மேட் இன் ஆத்தங்குடி" நிகழ்காலம். உள்ளே இருப்பது 'பாஸ்ட்' பார்ட்டிசிபிள். காலத்தைச் சுமப்பது "வேர்" (were), "ஆர்" (are) என்ற சொற்கள்தான்.

விதிவிலக்கு உண்டு. செயப்படுபொருள் ஏற்காத வினைகளில் மூன்றாம் வடிவம் 'முடிந்தது' என்ற பொருளைத் தரும். "ஃபாலன் ட்ரீ" விழுந்துவிட்ட மரம், "ரிட்டையர்ட் டீச்சர்" ஓய்வு பெற்றுவிட்டவர். இதைத் தம்பிக்குப் பிறகு சொன்னேன். முதல் நாளே சொன்னால் பிடி நழுவும்.

இன்னொரு இடைஞ்சலும் வந்தது. "வீடு கட்டிய செட்டியார்" என்பதை அவர் "தி செட்டியார் பில்டிங் தி ஹவுஸ்" என்று எழுதியிருந்தார். செய்கிறவர் பக்கம் சரி. ஆனால் ஐஎன்ஜிக்குக் காலம் இல்லாததால், செட்டியார் இப்போதும் கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொண்டிருப்பதாகவே படுகிறது. தமிழ் எச்சம் சுமக்கும் இறந்தகாலத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர எச்சம் போதாது, முழு வினை வேண்டும்: "தி செட்டியார் ஹூ பில்ட் தி ஹவுஸ்."

முன்னால் என்ஜின், பின்னால் என்ஜின்

காலம் ஒரு வினைக்கோவையில் ஒரே சொல்லில்தான் உட்காரும் என்பது இரு மொழிக்கும் பொது. இதைக் கண்டதும்தான் எனக்குப் பாடத்தின் வழி தெளிவானது. "கட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்பதில் கட்டி, கொண்டு இரண்டும் எச்சங்கள். காலமும் ஆளும் கடைசியில் வரும் "இருக்கிறார்கள்" என்பதில் இருக்கின்றன. "ஆர் பில்டிங்" என்பதில் காலம் முதலில் வரும் "ஆர்" மேல். "பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது" என்பதைப் பின்னாலிருந்து படித்தால் "ஹேஸ் பீன் ரிப்பேர்ட்" வந்து நிற்கும். ரயில் பெட்டிகள் இரு மொழியிலும் இருக்கின்றன. காலத்தைச் சுமக்கும் என்ஜின் ஆங்கிலத்தில் முன்னால், தமிழில் பின்னால் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன்.

தம்பி தன் பதிவைத் தானே கேட்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் என்ஜினைத் தேடினார். "பர்மா டீக் யூசிங் ஹியர்" என்ற வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, "டீச்சர், இதுல என்ஜினே இல்ல" என்றார். பிறகு தேக்கு பயன்படுத்துகிறதா, பயன்படுத்தப்படுகிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, "பர்மா டீக் இஸ் யூஸ்ட் ஹியர்" என்று அவராகவே திருத்தினார். அட்டவணையைச் சொல்லச் சொன்னால் இந்தத் திருத்தம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறையில் ஒரு பாடம்

நடப்பதையும் வழக்கத்தையும் செய்வினையையும் செயப்பாட்டுவினையையும் ஒரே இடத்தில் பழக ஆத்தங்குடியைவிட நல்ல வகுப்பறை எங்களுக்குக் கிடைக்காது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தையும் டிசைன் அச்சையும் வைத்து, கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். கண்ணாடி பிரிந்ததும் பூ பளபளவென்று மேலே நிற்கிறது.

தம்பிக்கு மூன்று முறை விவரிக்க வேலை கொடுத்தேன். முதலில், கண்முன் ஓடு செய்கிற அண்ணனைப் பார்த்தபடி: "ஹீ இஸ் ஃபில்லிங் தி மோல்ட். நவ் ஹீ இஸ் லிஃப்டிங் இட்." அடுத்து, தினமும் செய்யும் முறையாக: "ஹீ ஃபில்ஸ் தி மோல்ட். ஹீ லிஃப்ட்ஸ் இட்." மூன்றாவதாக, அண்ணனை விட்டுவிட்டு ஓட்டைப் பற்றி: "தி மோல்ட் இஸ் ஃபில்ட். தி மோல்ட் இஸ் லிஃப்டட். தி டைல் இஸ் ட்ரைட் அண்ட் சோக்ட் இன் வாட்டர்." ஒரே வேலை, ஒரே கை, மூன்று வாக்கிய அமைப்பு. கண்ணால் பார்த்துக்கொண்டே மாற்றியதால் வேறுபாடு அவருக்குள் இறங்கியது. நடுவில் ஒரு நல்ல சந்தேகம் கேட்டார்: கிரிக்கெட் கமென்டரியில் இப்போது நடப்பதற்கும் "ஹீ ஹிட்ஸ்" என்கிறார்களே? உண்மைதான். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும் செயல்களை அடுக்கிக்கொண்டு போகும்போது ஆங்கிலமே சிம்பிள் பிரசென்டை எடுக்கும். பட்டறையில் செயல் நிதானமாக நடப்பதால் ஐஎன்ஜி பொருத்தம்.

அன்றைக்கே கண்டாங்கிச் சேலைக்கு நூல் சாயம் போடுவதைப் பற்றியும் எழுதினார். சாயமிடுதலுக்கான 'டையிங்' எழுதும்போது ஐஎன்ஜிக்கு முன்னால் உள்ள இ எழுத்தை விட்டுவிட்டார். 'மேக்' என்பதில் கடைசி இ போய்விடும் என்ற விதியைச் சரியாகத்தான் நினைவு வைத்திருந்தார். ஆனால் இந்தச் சொல்லில் அது போகக் கூடாது. போனால் நூல் செத்துக்கொண்டிருக்கும்.

எஸ் என்ற ஒற்றை எழுத்து

இப்போது எஸ். ஆங்கிலத்துக்கு ஒரு காலத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி விகுதி இருந்தது. தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறாள் என்று இருப்பதுபோல. அவை உதிர்ந்து, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஒன்று மிஞ்சியது. 1611ல் வந்த ஆங்கில பைபிளில் அது இன்னும் "கமெத்", "ஹாத்", "டோத்" என்று பழைய உருவில் இருக்கிறது. பிறகு இங்கிலாந்தின் வடக்கு வட்டாரத்தின் எஸ் எங்கும் நிலைத்துவிட்டது.

தம்பியின் எழுத்தில் எஸ் பாதிக்கு மேல் சரியாக இருந்தது, பேச்சில் பெரும்பாலும் விழுந்துவிட்டது. மெய்யோடு மெய் மோதி முடியும் சொல்லைத் தமிழ் நாக்கு விரும்புவதில்லை. "ஃபினிஷ்ட்" "ஃபினிஷ்" ஆவதும் அதே காரணத்தால்தான். ஆனால் இந்த இரண்டு இழப்பும் சமம் இல்லை. எஸ் விழுந்தால் பொருள் தப்பிக்கிறது. "கார்வ்ட்" என்பதில் கடைசி ஒலி விழுந்தால் "தி டோர் இஸ் கார்வ்" என்று ஆகி, செய்யப்பட்டது என்ற செய்தியே போய்விடுகிறது. அதனால் உச்சரிப்புப் பயிற்சி முழுவதையும் மூன்றாம் வடிவத்தின் கடைசி ஒலிக்கே ஒதுக்கினேன். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் சுலபம்: "கார்வ்ட் இன் டீக்" என்று சேர்த்துச் சொல்லும்போது அந்த ட் அடுத்த சொல்லின் தோளில் ஏறிக்கொள்கிறது.

எஸ் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் திருத்தினேன். பன்மைப் பெயருக்கு எஸ் வருவதால் "தே கம்ஸ்" என்று வினைக்கும் போட்டுக்கொண்டிருந்தார். பெயரில் எஸ் இருந்தால் பெரும்பாலும் வினையில் இருக்காது, "டூரிஸ்ட்ஸ் கம், எ டூரிஸ்ட் கம்ஸ்" என்ற ஒரு ஜோடியே போதுமானதாக இருந்தது.

இப்போதைய நிலை

பிறகு எடுத்த பதிவில் "தே கம் ஃபார் வெட்டிங்ஸ் அண்ட் பொங்கல்" தடையின்றி வருகிறது. "ஆர் மேட்", "இஸ் கார்வ்ட்", "இஃப் யூ ஆர் இன்ட்ரஸ்டட்" மூன்றும் நிலைத்துவிட்டன. அவசரத்தில் பேசும்போது "நோயிங்" எப்போதாவது எட்டிப்பார்க்கிறது. சொன்ன கையோடு அவரே திருத்திக்கொள்கிறார். பேச்சில் எஸ் இன்னும் வந்து போகிறது. அதை அவசரப்படுத்த நான் விரும்பவில்லை.

பிரசென்ட் பெர்ஃபெக்ட்தான் பாக்கி. "இந்த அறை பல வருஷமா பூட்டிக் கிடக்கு" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் "ஹேஸ் பீன் லாக்ட் ஃபார் மெனி இயர்ஸ்" என்கிறது. தம்பி "இஸ் லாக்ட் மெனி இயர்ஸ்" என்கிறார். மறுபக்கம், "ஹேவ் லெஃப்ட் பர்மா இன் 1942" என்று தேதியோடு ஹேவ் போடுகிறார். "ஹேவ்" நிகழ்காலச் சொல். ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்த 1942ஐ அதன் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது, "லெஃப்ட்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டைச் சொல்லாமல், போனதன் விளைவாக இன்று எத்தனையோ வீடுகள் ஆளில்லாமல் நிற்பதைப் பேசினால் ஹேவ் சரியாக வரும்: "மெனி ஃபேமிலிஸ் ஹேவ் மூவ்ட் டு சென்னை."

இந்த வாரம் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை இது: பர்மாவைப் பற்றித் தான் முகப்பில் நின்று பேசும் பகுதியை எழுதி, ஆண்டு சொல்லும் வாக்கியங்களை ஒரு பக்கமும் இன்றைக்கும் விளைவு நிற்கும் வாக்கியங்களை மறுபக்கமும் பிரித்துக்கொண்டு வர வேண்டும்.